கேட்டதும் சொன்னதும்: வற்றின குளத்துக்குப் போங்கள்

கேள்வி: அக்கா, எனக்குக் கதை எழுத ஆசை. ஆனால் கிளிநொச்சியில் ஏ9 வீதியையும் கடைகளையும் விட்டால் எழுத என்ன இருக்கிறது? கூட்டாளிகள் நுவரெலியாவுக்குப் போய் வருகிறார்கள். எனக்கு அதற்குக் காசு இல்லை.
– ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, ஒரு சைக்கிள் போதும். இரணைமடுக் குளத்துக்குப் போங்கள். எல்லோரும் படம் எடுக்கிற, மிஞ்சின தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவுப் பக்கம் வேண்டாம், தண்ணீர் ஏறி இறங்குகிற அலைகரைப் பக்கம் போங்கள். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும். மாட்டுக் குளம்படிகள் அச்சு வார்த்ததுபோலக் காய்ந்திருக்கும். ஒருமுறை அப்படியொரு குளம்படிக்குள் ஒரு நத்தைக்கூடும் கொக்கு இறகும் கண்டேன். மார்கழியில் திரும்பப் போனால் அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். அந்தக் குளம்படியை நினைத்து நித்திரை வராமல் கிடந்த இரவில்தான் என் முதல் கதை வந்தது. அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு பருவத்திலும் போய்ப் பாருங்கள்.

அப்புறம், வயல்காரரோடு கதையுங்கள். சிறுபோகம் என்கிற கோடைகால நெல் விதைப்புக்குக் குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை, வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று அங்கே எழும்புகிற சத்தம் இருக்கிறதே, அதில் பத்துக் கதை இருக்கிறது! துருசு (குளத்து மதகு), அலைகரை, வரம்பு, வான் பாய்தல் (குளம் நிரம்பி வழிவது) என்று அவர்கள் வாயில் வருகிற சொற்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். எனக்கு அந்தச் சொற்கள் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருக்கிறது. 2010இல் மீள்குடியேறி வந்தபோது எங்கள் வளவை அடையாளம் காட்டியது ஒரு கிணற்றுக்கட்டு மட்டும்தான். மற்றதெல்லாம் அம்மாவின் சொற்களில்தான் மிச்சம் இருந்தது.

ஒன்று கவனம்: ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள் இறங்காதீர்கள். மிதிவெடிப் பயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள், யானை வரும்.

கேள்வி: நான் படம் கீறுகிறேன். புது நிறம் தேடி எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: ஆனி, ஆடியில் பஸ் ஏறி மாங்குளம் பக்கம் போங்கள் தம்பி. வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். காலையில் ஒரு பிடி வாங்கி, வெயில் ஏற ஏற அந்த மஞ்சள் எப்படி மாறுகிறது என்று கீறிப் பாருங்கள். கீறி முடித்துச் சாப்பிடுங்கள். உதடு ஒட்டும், கொஞ்சம் நல்லெண்ணெய் தடவினால் சரி.