கனடாவில் ஸ்மோல்மவுத் பாஸ் பிடிக்க எந்த ஃபிளை லைன்?

கேள்வி: மானிப்பாயில் இருந்து எழுதுகிறேன். வயது 66. வேலையால் ஓய்வெடுத்த பிறகு பண்ணைப் பாலத்தடியில் கைத்தூண்டில் போடுவதுதான் பொழுதுபோக்கு. மே மாதம் ஒன்ராறியோவில் இருக்கும் மகளிடம் போய் மூன்று மாதம் நிற்கப் போகிறேன். ஸ்மோல்மவுத் பாஸ் பிடிப்பதற்கென்று மருமகன் 9 அடி, 7ஆம் இலக்க ஃபிளை ரொட்டும் றீலும் வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கும் இது புதிது. லைனை மட்டும் "நீங்கள் வந்த பிறகு பார்த்து எடுப்பம் மாமா" என்கிறார். கடையில் 40 டொலருக்கும் இருக்கிறதாம், 150 டொலருக்கும் இருக்கிறதாம். மிதப்பது, தாழ்வது, தலை பாரமானது என்று ஏகப்பட்ட வகை. எதை எடுப்பது? திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்து இங்கே பாவிக்கலாமா?

பதில்: ஐயா, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மிதக்கும் லைன், முன்பாரம் உள்ளது, 7ஆம் இலக்கம், குளிர்நீருக்குச் செய்தது. பெட்டியில் டபிள்யூ.எஃப் 7 எஃப் என்று போட்டிருக்கும். முதல் இரண்டு எழுத்தும் பாரம் முன்பக்கம் இருப்பதைக் குறிக்கும், கடைசி எழுத்து மிதக்கும் என்பதைக் குறிக்கும். இந்த ஒன்றே உங்கள் மூன்று மாதத்துக்கும் போதும். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

லைனைக் கடைசிக்கு வைத்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வழக்கமாக ஆட்கள் ரொட்டுக்கும் றீலுக்கும் காசைக் கொட்டிவிட்டு லைனில் மிச்சம் பிடிப்பார்கள். என் கணக்கில் அது தலைகீழ். ஒரு கிலோவைச் சுற்றியிருக்கும் ஸ்மோல்மவுத் நன்றாகத் துள்ளும், ஆழத்துக்கு இழுக்கும், ஆனால் நூறு யார் ஓடாது. அதனால் றீலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. எறிவது முழுக்க லைன்தான்.

கைத்தூண்டிலில் ஈயத்தைச் சுழற்றி எறிகிறீர்கள், ஈயம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளையில் ஈயம் இல்லை. கொக்கியில் கட்டிய இறகுக்கும் மயிருக்கும் பாரமே கிடையாது. பாரம் லைனுக்குள் இருக்கிறது. அதைப் பின்னும் முன்னும் வீசி ரொட்டை வளைத்து, அந்த வளைவு நிமிரும் வேகத்தில் விடுகிறோம். ரொட்டில் எழுதியிருக்கும் 7 என்பது அது வளைந்து நிமிர எவ்வளவு பாரமான லைன் வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

அந்தப் பாரத்துக்கு அமெரிக்க மீன்பிடிக் கருவித் தொழில்துறையார் வகுத்த அளவு உண்டு. லைனின் முதல் 30 அடியை நிறுப்பார்கள். 6ஆம் இலக்கம் 160 கிரெயின், 7ஆம் இலக்கம் 185, 8ஆம் இலக்கம் 210. 185 கிரெயின் என்றால் 12 கிராம். இப்போது வரும் ரொட்டுகள் விறைப்பானவை என்பதால் பல கம்பனிகள் 7 என்று போட்டுவிட்டு 200, 210 கிரெயினில் விற்கின்றன. அரை இலக்கம், ஒரு இலக்கம் கூடுவது பழகுபவருக்கு நல்லதுதான், ரொட் வளைவது கையில் தெரியும். 220ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சில பெட்டிகளில் 30 அடியின் பாரம் இருக்காது, பாரமான தலைப்பகுதி முழுவதன் பாரம் இருக்கும். தலை 38 அடி நீளமென்றால் அந்த இலக்கம் பெரிதாகத்தான் தெரியும். இரண்டையும் குழப்பிவிட்டு நல்ல லைனைத் திரும்ப வைத்துவிட வேண்டாம்.

அடுத்தது வடிவம். ஃபிளை லைன் நுனி தொட்டு அடிவரை ஒரே தடிப்பில் இராது. முன்பாரம் உள்ள லைனில் முதல் 30, 40 அடி தடிப்பாக இருக்கும், பின்னால் வருவது மெல்லியது. தடிப்பான தலை பறக்கும்போது மெல்லியது பின்னால் ஓடிப் போகும். நுனிப்பக்கம் அந்தத் தடிப்பு எவ்வளவு சட்டென்று ஒடுங்குகிறது என்பதில்தான் பாஸ் லைனுக்கும் டிரவுட் என்ற மீனுக்கான லைனுக்கும் வித்தியாசம். டிரவுட் லைன் நீளமாக, மெதுவாக ஒடுங்கும். சின்னப் பூச்சியைச் சத்தமில்லாமல் தண்ணீரில் வைக்க அது வேண்டும். பாஸுக்கு நீங்கள் கட்டப்போவது தக்கைத் தலை வைத்து மேலே மிதக்கும் பொப்பர் என்ற ஃபிளை, கட்டைவிரல் நீளத்துக்கு இறகு. இவை காற்றைப் பிடிக்கும். டிரவுட் லைனில் போட்டால் வீச்சு பாதி வழியில் செத்து, முன் நரம்பு (லைன் நுனிக்கும் ஃபிளைக்கும் இடையில் கட்டும் நிறமில்லாத நரம்பு) குவியலாக விழும். ஆகவே முன்பக்கம் குட்டையாக ஒடுங்கும் லைனைக் கேளுங்கள்.

அதற்காகப் பெட்டியில் பாஸ் என்று எழுதியிருப்பதையெல்லாம் எடுத்துவிடக் கூடாது. அப்படி விற்கும் லைன்களில் ஒரு பகுதி அமெரிக்காவின் தென்பகுதிக் குளங்களில், சுடுநீரில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கச் செய்தவை. மேற்பூச்சுக்கு உள்ளே ஓடும் நடுநூல் விறைப்பாக இருக்கும். ஒன்ராறியோவின் ஜூன் காலைக் குளிரில் றீலில் இருந்து சுருள் சுருளாக வந்து நிமிராமல் கிடக்கும். இன்னொன்று, அவற்றில் சிலவற்றின் தலை மிகக் குட்டை. ஏரியில் பிரச்சினை இல்லை. மருமகன் கிராண்ட் ஆறு மாதிரி ஓடுகிற தண்ணீருக்குக் கூட்டிப் போனால் லைனை நீரோட்டத்துக்கு மேற்பக்கமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரும். ரொட் நுனிக்கு வெளியே மெல்லிய பகுதி வந்துவிட்டால் அதை வைத்துத் தடிப்பான தலையைத் தூக்க முடியாது. 35 முதல் 40 அடித் தலை ஆற்றுக்கும் ஏரிக்கும் ஒத்துவரும்.

ஸ்மோல்மவுத் அதிகம் விரும்பித் தின்பது கல்லிடுக்கில் கிடக்கும் க்ரேஃபிஷ், நம் சிங்க இறாலின் சின்ன நன்னீர் உறவு. அடியில் இரை தேடும் மீனுக்கு ஏன் மிதக்கும் லைன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆற்றில் அது நிற்கும் இடம் பெரும்பாலும் மூன்று அடி முதல் ஆறு அடி. 9 அடி முன் நரம்பில் ஈயக்கண் வைத்த ஃபிளையைக் கட்டினால் அந்த ஆழத்துக்கு அது தானாகவே போகும், லைன் மேலே மிதந்தபடி இருக்கும். மீன் வாயில் எடுத்தால் லைன் நுனி சடாரென்று நிற்கும் அல்லது பக்கவாட்டில் போகும். கைத்தூண்டிலில் விரலால் அறிந்ததை இங்கே கண்ணால் அறிகிறீர்கள். அதனால் மஞ்சள், தோடம்பழ நிறம் போன்ற பளிச்சென்ற நிறத்தையே எடுங்கள். மீன் பயப்படாது, அதற்குப் பக்கத்தில் இருப்பது நிறமில்லாத நரம்பு.

தாழும் லைனின் கணக்கு வேறு. மூன்றாம் தரம் என்று போட்டிருப்பது விநாடிக்கு சுமார் மூன்று அங்குலம் தாழும். பத்தடிக்குப் போக 40 விநாடி. அதுவரை பேசாமல் நிற்க வேண்டும். பிறகு திரும்ப எறிய, தண்ணீருக்குள் கிடக்கும் லைனை அநேகமாக முழுவதும் உள்ளே இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். பழகாத தோளுக்கு அது தண்டனை. ஓகஸ்ட் மத்தியானங்களில் ஏரி மீன் ஆழத்துக்குப் போவது உண்மை. அந்த நேரத்துக்கென்று இரண்டாவது லைன் வாங்க வேண்டாம், பத்தடி நீளமான தாழும் முன் நரம்பு ஒன்று வாங்கி மிதக்கும் லைனின் நுனி வளையத்தில் கோர்த்தால் சரி. அதற்குப் பின்னால் மூன்று நான்கு அடி நரம்பு போதும், நீளமாக விட்டால் ஃபிளை மேலே எழும்பிவிடும். அல்லது மத்தியானம் வீட்டில் படுத்துவிட்டு, மீன் கரைக்கு வரும் விடியலிலும் பின்னேரத்திலும் போங்கள். நானென்றால் அதைத்தான் செய்வேன்.

விலையைப் பற்றி: 40 டொலருக்கும் 80 டொலருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் கையில் தெரியும். 80க்கும் 150க்கும் இடையில் உள்ளது உங்களுக்கும் மருமகனுக்கும் இந்தக் கோடையில் தெரியாது. மலிவானதில் மேற்பூச்சு சீக்கிரம் வெடிக்கும், நுனியில் வளையம் இராது. சயன்றிஃபிக் ஆங்லர்ஸ், றியோ, கோர்ட்லண்ட், எயார்ஃப்ளோ எல்லாமே பெயர் பெற்றவை. நடுவிலையில் எதை எடுத்தாலும் பழுதில்லை. எயார்ஃப்ளோவின் பூச்சு பொலியூரித்தேன், மற்றவர்களுடையது பெரும்பாலும் பி.வி.சி.

அந்த பி.வி.சி.க்கு ஒரு எதிரி உண்டு. ஜூனில் அங்கே நுளம்புத் தொல்லை பெரிது, எல்லோரும் டீட் கலந்த நுளம்பு மருந்து பூசுவார்கள். அது பட்டால் பூச்சு இளகி வெடிக்கும். சன்ஸ்கிரீனும் நல்லதல்ல. பூசினால் உள்ளங்கையைக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள்.

மே மாதத்திலேயே போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் 15 பாகையைத் தாண்டும்போது ஸ்மோல்மவுத் முட்டையிடும், ஆண்மீன் கூட்டுக்குக் காவல் நிற்கும். அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் முட்டையை நிமிடக் கணக்கில் தின்று தீர்க்கும். அதனால் தெற்கு ஒன்ராறியோவின் பல மண்டலங்களில் பாஸ் பருவம் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கிறது. மண்டலத்துக்கு மண்டலம் திகதி மாறும், மருமகன் அந்த ஆண்டின் விதிமுறையைப் பார்க்கட்டும். கனடாவில் வசிக்கும் 65 தாண்டியவர்களுக்கு அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமலே பிடிக்கலாம். விருந்தாளியாகப் போகும் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை, எடுக்க வேண்டும். பருவம் திறக்கும் வரை பின்வளவுப் புல்லில், கொக்கி இல்லாமல் கம்பளி நூல் துண்டைக் கட்டி எறிந்து பழகுங்கள். சீமெந்து நிலத்தில் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும்.

சரி, இங்கே கொண்டுவரும் விஷயம். குளிர்நீர் லைன் நம் வெயிலில் தளர்ந்து பிசுபிசுக்கும், ரொட் வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓடாது. பண்ணையிலும் அராலியிலும் தண்ணீரே 30 பாகையைச் சுற்றி நிற்கும். அதற்கு விறைப்பான நடுநூல் உள்ள வெப்பமண்டல லைன் வேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் 7ஐ விட 8 வசதி. நம் கடல்நீரேரி ஆழமில்லாதது, அடியில் சாதாளை, ஆகவே இங்கும் மிதப்பதுதான் சரி. பாரைக்கு நரம்பு போதும், சீலாவுக்கு நுனியில் கம்பி வேண்டும். றீல் உப்புத் தண்ணீருக்கு ஏற்றதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரொட்டை மட்டும் கொண்டுவந்து, லைனையும் றீலையும் அடுத்த கோடைக்கு மகள் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

லைனைச் சுற்றும்போது முதலில் 20 இறாத்தல் தாங்கும் டேக்ரோன் அடிநூல், றீல் கொள்ளும் அளவுக்கு. லைனின் ஒரு முனையில் இது றீலுக்கு என்று சின்னத் துண்டு ஒட்டியிருக்கும், அந்த முனையை அடிநூலில் கட்டுங்கள். மாற்றிக் கட்டினால் பாரம் முழுக்க அடியில் போய், எவ்வளவு வீசினாலும் லைன் போகாது. முன் நரம்பு ஈயக்கண் ஃபிளைக்கு 9 அடி, பெரிய பொப்பருக்கு ஏழரை அடி, நுனி 0.28 மில்லிமீற்றர். பொப்பருக்கு நைலோனையே போடுங்கள், ஃபுளுரோகார்பன் தாழ்ந்து பொப்பரின் மூக்கை உள்ளே இழுக்கும்.