ஸ்டுடியோ விளக்குச் சாமான்களை வாங்காமல், வீட்டிலேயே செய்துகொண்டு பொருட்களை நன்றாகப் படம் எடுக்க முடியுமா?

முடியும். நான் ஆறு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டிருப்பவர் சுடுமண் நகைகளும் கொஞ்சம் பித்தளைச் சாமான்களும் வீட்டிலிருந்தே விற்கிறார். கையில் இருப்பது போன் கேமரா. சாஃப்ட்பாக்ஸ், அதாவது விளக்கின் முன்னால் வெள்ளைத் துணி மாட்டிய ஸ்டுடியோ பெட்டி, அதன் விலையைப் பார்த்து மலைத்துப்போய் இங்கே வந்திருக்கிறார். என் கதையும் ஏறக்குறைய இதுதான். பெரம்பூரில் ஓர் ஒண்டுக்குடித்தனம்; முன்னறைதான் எனக்கு ஸ்டுடியோ. அக்கா கும்பகோணம் பக்கத்திலிருந்து குத்துவிளக்கு, சொம்பு, தூக்குச்சட்டி எல்லாம் வரவழைத்து விற்கிறாள். படம் எடுப்பது என் தலையில் விழுந்த வேலை.

முதல் நாள் ஒரு பித்தளைச் சொம்பை மேசைமேல் வைத்து, பக்கத்தில் டேபிள் லேம்ப்பைத் திருப்பி எடுத்தேன். போனில் பெரிதாக்கிப் பார்த்தால், சொம்பின் வயிற்றில் முழு அறையும் குடியிருந்தது. ஓடும் சீலிங் ஃபேன், ஜன்னல் கம்பிகள், மளிகைக் கடைக் காலண்டர், நட்டநடுவில் லுங்கியோடு நான். ஒரு பக்கம் பல்பு வெள்ளைப் பொட்டாகக் கண்ணைக் குத்தியது. மற்ற இடமெல்லாம் அழுக்குப் பழுப்பு. "சொம்பை எடுக்கச் சொன்னால் உன்னையே எடுத்து வைத்திருக்கிறாயே" என்றாள் அக்கா.

அவள் கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். பளபளப்பான பொருள் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே சின்ன பல்பு இருந்தால் பொட்டு தெரியும். இருட்டறை இருந்தால் இருட்டு தெரியும். பித்தளை பித்தளையாகத் தெரிய வேண்டுமானால், அது பார்த்துக்கொண்டிருக்கப் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். பல்பின் வாட்ஸ் கணக்கு இதில் இரண்டாம்பட்சம். வெளிச்சம் மென்மையாக விழுவதும் நிழலின் ஓரம் கரைந்து போவதும், பொருளிலிருந்து பார்த்தால் வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சாஃப்ட்பாக்ஸில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்தப் பரப்பைத்தான். அந்தப் பரப்பு நம் அலமாரியிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய நாலு முழ வேட்டியைத்தான் சொல்கிறேன். ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம், நாலடி அகலம். பலமுறை துவைத்து மெலிந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் இடையே கொடி கட்டி, துணி கிளிப்புகளால் வேட்டியைச் சுருக்கமில்லாமல் தொங்கவிடுங்கள். வேட்டிக்குப் பின்னால் இரண்டடி தள்ளி ஓர் எல்.இ.டி. பல்பு. தள்ளி வைப்பது முக்கியம். ஒட்டி வைத்தால் துணியின் நடுவில் மட்டும் ஒரு வட்டம் எரியும், வேட்டி வீண். முன்பக்கம் பொருளை வேட்டிக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். படத்தின் சட்டத்துக்குள் துணி வராமல் இருந்தால் போதும்.

இதில் நான் பட்ட இரண்டு அவதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கரை. ஒருமுறை குத்துவிளக்குத் தண்டின் உருண்டைகள் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக மெல்லிய பச்சைக் கோடு ஓடியது. விளக்கில் கீறலோ, களிம்போ என்று புளி போட்டுத் தேய்த்தேகூடப் பார்த்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் வேட்டியின் பச்சைக் கரை! கரையைப் பின்பக்கமாக மடித்துக் கிளிப் போட்டதும் கோடு போய்விட்டது. மற்றொன்று, நீலம். துவைக்கும்போது நீலம் போட்ட வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். கேமராவில் பித்தளையின் மஞ்சள் செத்துப்போகும். அதனால் படத்துக்கென்று ஒரு வேட்டியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

இந்த உத்திக்கு நான் உரிமை கொண்டாட முடியாது. சத்யஜித் ரேயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956-இல் வெளியான 'அபராஜிதோ'வுக்காக, ஸ்டுடியோவுக்குள் போட்ட காசி வீட்டு முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். கீழே விளக்குகளை வைத்து அந்தத் துணிமேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் பிடித்தார். பார்ப்பவர்களுக்கு அது திறந்த வானத்திலிருந்து இறங்கிய வெளிச்சம். துணி நமக்கும் கிடைக்கும்.

வேட்டிக்கு எதிர்ப்பக்கம் தெர்மகோல். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் பலகை எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். அதைச் சாய்த்து நிறுத்தினால் நிழல் பக்கமும் தெளிந்து வரும். பலகையின் மறுபக்கத்தில் கறுப்பு சார்ட் ஒட்டிவிடுங்கள். இந்தக் கறுப்பின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளைப் பின்னணியில் வைத்த பித்தளையின் விளிம்பு பின்னணியோடு கரைந்து காணாமல் போகும். பொருளின் இரண்டு பக்கமும், சட்டத்துக்குச் சற்று வெளியே, நாலு விரல் அகலத்தில் கறுப்பு சார்ட் பட்டைகளை நிறுத்துங்கள். விளிம்பில் மையிட்டதுபோல் ஒரு கோடு விழுந்து, சொம்புக்கு உருவம் வந்துவிடும். கண்ணாடிச் சாமான்களுக்கும் இதே வைத்தியம்தான்.

சுடுமண் நகைக்கு இதையெல்லாம் அப்படியே செய்துவிடாதீர்கள். மண்ணுக்குப் பளபளப்பு இல்லை; அதன் அழகு சொரசொரப்பிலும் குடைந்த கோடுகளிலும் இருக்கிறது. நாலா பக்கமும் மென்மையாக வெளிச்சம் அடித்தால் ஜிமிக்கி வெறும் மண்ணுருண்டையாகிவிடும். அட்டைப்பெட்டியில் மூன்று பக்கம் ஜன்னல் வெட்டி பட்டர் பேப்பர் ஒட்டும் 'லைட் பாக்ஸ்' இதைத்தான் செய்யும். எல்லோரும் சிபாரிசு செய்கிறார்களே என்று நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து ஒன்று செய்தேன். இப்போது அது பரண்மேல் இருக்கிறது. உள்ளே கொலு பொம்மைகள். வேலைக்கு ஆகாது என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் ஜிமிக்கிக்கு ஆகாது. அதற்கு ஒரே பக்கத்திலிருந்து, மேசைமட்டத்துக்குச் சற்றே மேலே, நகையின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி வெளிச்சம் வேண்டும். பல்பின் முன்னால் பட்டர் பேப்பர் ஒரே ஒரு தாள் போதும். பல்பை நகைக்கு ஓரடியில் வைத்து, பின்சுவர் பல்பிலிருந்து நாலடி தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன பல்பின் வெளிச்சம், தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகிவிடும். நாலடியில் பதினாறில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவரே இருண்ட பின்னணியாக மாறிவிடும், கறுப்புத் துணி வாங்க வேண்டாம்.

பகலில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது, வருடம் முழுவதும் மென்மையான வெளிச்சம் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். அதை எழுதியவர்கள் நம்மைவிட வெகு வடக்கே இருக்கும் நாட்டுக்காரர்கள். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நம் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியே வெயில் குறுக்காக உள்ளே நுழையும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கும் ஒரு வேட்டி தேவை. ஐப்பசி, கார்த்திகை மழை மேகம் மூடிய நாட்களில் எதுவுமே வேண்டாம், வானமே வேட்டிதான். மொட்டைமாடிக்குப் போகலாம் என்று தோன்றும். கடற்காற்று வந்தால் தெர்மகோல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

காசு செலவழிப்பதானால் பல்பில் செலவழியுங்கள். சி.ஆர்.ஐ. (பல்பின் வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண பல்புகளில் அடர் சிவப்பு சரியாக வராது, சுடுமண் செத்த நிறத்தில் தெரியும். படம் எடுக்கும்போது அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் கலந்தால் எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. படத்தில் வரிவரியாகப் பட்டைகள் விழுந்தால் போனில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு பல்பு நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பட்டைகள் மறையும்.

ஹாலஜன் பக்கமே போகாதீர்கள். பந்தல்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 500 வாட்ஸ் ஹாலஜனுக்கு முன்னால் நான் பட்டர் பேப்பர் தொங்கவிட்டு, டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தாளின் நடுவில் தோசைபோல் ஒரு பழுப்பு வட்டம், அறை முழுக்கக் கருகல் வாடை. தெர்மகோலோ அந்தச் சூட்டில் இன்னும் சீக்கிரம் உருகிவிடும்.

ஸ்டாண்டுக்குக் காயலான் கடைதான். மோட்டார் போன பெடஸ்டல் ஃபேனின் காலைக் கேளுங்கள். அடிப்பாகம் கனம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கடை ஸ்டாண்டைவிட உறுதி. வெளிச்சம் அதிகமானால் பல்பின் முன்னால் கம்பிவலை மாவுச் சல்லடையைப் பிடித்தால் நிறம் மாறாமல் குறையும். ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் விழக் கறுப்பு சார்ட்டைக் குழாயாகச் சுருட்டினால் போதும். இதற்கே உறிஞ்சுகுழல்களை அடுக்கிச் செய்யும் வலையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் குழலுக்குத் தடை. காகிதக் குழலின் உட்புறம் வெள்ளை, அதற்குக் கறுப்பு மை ஊற்றி உலர்த்தும் பொறுமை எனக்கு இல்லை. பட்டர் பேப்பர் நிறைய வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு, ஹோல்டரும் வயரும் ரிச்சி தெரு. ஒன்றிரண்டுதான் வேண்டுமென்றால் தெருமுனைக் கடையே போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் சொம்பின் வயிற்றில் போன் தெரியும். வெள்ளை சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளை போட்டு, அதன் பின்னால் போனையும் உங்களையும் மறைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கடுகளவு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும். அதை அக்காவே போனில் அழித்துவிடுகிறாள்.