கிழிந்த புத்தகத்தை ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: வியாசர்பாடியில் உள்ள ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பறை நூலகம் அமைக்க ரூ. 45,000 கேட்டு இணையத்தில் ஒரு நிதி திரட்டும் தளத்தில் வேண்டுகோள் வெளியிட்டு, தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன். மூன்று வாரங்களில் ஆறு பேர் கொடுத்த ரூ. 7,200 மட்டுமே சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வாசிக்க ஆசை இல்லாமல் இல்லை. கடைசி நான்கு பக்கங்கள் கிழிந்துபோன ஒரு கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் தினமும் ஒரு புது முடிவைச் சொல்கிறான். என் வேண்டுகோளில் என்ன குறை?

பதில்: நீங்கள் எனக்கு அனுப்பிய கேள்வியில் இருக்கும் அந்தப் பையன் உங்கள் வேண்டுகோளில் இல்லை என்பதே முதல் குறை. வேண்டுகோள் இப்படித் தொடங்குகிறது: “எங்கள் பள்ளியில் பயிலும் ஏழை எளிய மாணவர்களின் கல்வி வளர்ச்சிக்காகவும் வாசிப்புத் திறன் மேம்பாட்டிற்காகவும் நல்ல உள்ளங்கள் தாராளமாக உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.” இதில் பிழை ஏதுமில்லை, ஆனால் பள்ளியின் பெயரை மாற்றிவிட்டால் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளிக்கும் இது பொருந்தும். கோயில் திருப்பணி நோட்டீஸைப் படிப்பதுபோல, படிக்காமலேயே படித்து முடித்துவிடுகிறோம்.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். பஞ்சத்தால் பாதிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரைப் பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் கொடுத்தனர். அச்சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை குறைந்துபோனது. ஆகவே முதல் பத்தியில் கல்வி வளர்ச்சியை விட்டுவிட்டு, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை கதைப் புத்தகங்கள், அவற்றில் ஒன்றுக்கு ஏன் தினமும் ஒரு புது முடிவு தேவைப்படுகிறது என்பதை மட்டும் நான்கே வரிகளில் எழுதுங்கள். சிறப்பு விருந்தினர் நடுவில் அமர்ந்திருக்கும் குழுப் படத்தை எடுத்துவிட்டு, அந்தப் புத்தகத்தின் கிழிந்த கடைசிப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். பையனின் முகமும் பெயரும் வேண்டாம்.

இதையொட்டி ஒரு வேண்டுகோள், சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். “குடிகாரத் தந்தைகளின் பிள்ளைகள்” என்ற தொடரை இன்றே நீக்குங்கள். உங்கள் மாணவர்களின் பெற்றோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் உரக்க வாசிக்கக் கூசும் எந்த வரியும் இணையத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாவது குறை உங்கள் செலவுப் பட்டியலில் இருக்கிறது. புத்தகங்கள் ரூ. 20,000, இரண்டு ஸ்டீல் ரேக் ரூ. 13,000, நான்கு பாய் ரூ. 2,000, இதர செலவுகள் ரூ. 10,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘இதர’ என்ற சொல்லில்தான் பலர் நின்று, யோசித்து, திரும்பிப் போயிருப்பார்கள். அமெரிக்காவில் பிராங்க்ஸ் பகுதிப் பள்ளி ஆசிரியர் சார்லஸ் பெஸ்ட் 2000-இல் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் தளம், ஆசிரியர் கையில் பணத்தைத் தருவதில்லை. அவர் பட்டியலிட்ட பொருளை வாங்கிப் பள்ளிக்கே அனுப்புகிறது. கொடுப்பவருக்குத் தன் பணம் எந்தப் பொருளாக மாறியது என்பது ஐயமின்றித் தெரிகிறது. உங்கள் தளத்தில் அந்த ஏற்பாடு இல்லாததால் கடை கொட்டேஷனின் படத்தை நீங்களே இணைத்துவிடுங்கள்.

தொகையையும் குறைக்கலாம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் வழக்கமாகக் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கினால் அந்தப் புத்தகங்கள் ரூ. 18,000-இல் முடிந்துவிடும். ஒரு ரேக்குக்கு ரூ. 6,500, பாய்களுக்கு ரூ. 2,000 சேர்த்தால் மொத்தம் ரூ. 26,500. இரண்டாவது ரேக் அடுத்த ஆண்டு வரட்டும். 45,000-இல் ஆறில் ஒரு பங்குகூட ஆகாமல் பரிதாபமாகத் தெரிந்த அதே ரூ. 7,200, இப்போது கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. இலக்கு நெருங்க நெருங்கத்தான் மற்றவர்களுக்கும் கை நீளும். ஆனால் தொகையை மாற்றும் முன் ஏற்கெனவே கொடுத்த ஆறு பேருக்கும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியின் பழைய மாணவர் எவரேனும் கடையோ தொழிலோ நடத்தினால், “மற்றவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் ஒரு ரூபாய் சேர்க்கிறேன்” என்று ஒரு வரம்புக்குள் வாக்களிக்கக் கேளுங்கள். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் ஐம்பதாயிரம் பேருக்குக் கடிதம் அனுப்பிச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய வாக்குறுதி இருந்தபோது கொடுத்தவர்களின் எண்ணிக்கை 22 சதவீதம் கூடியது. ஒன்றுக்கு மூன்று என்று உயர்த்தியபோது மேற்கொண்டு பலன் கிடைக்கவில்லை. எனவே பெரிய செல்வந்தரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நடைமுறை விஷயங்கள் சில. தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் இல்லாமல் ஓர் ஆசிரியை தனியாக நிதி திரட்டுவது பின்னாளில் விளக்கக் கடிதம் எழுதவைக்கும். அந்தத் தீர்மானத்தை வேண்டுகோளோடு இணைத்தால் நம்பிக்கையும் கூடும். உங்கள் சொந்த யுபிஐ எண்ணைப் போட்டிருக்கிறீர்கள். பணம் பள்ளிக் கணக்குக்குச் செல்வதே உங்களுக்குப் பாதுகாப்பு. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ தளத்தின் வழியே கேட்க முடியுமா என்றும் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட பழைய மாணவரின் பணம், அவர் தமிழரே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கெனப் பதிவு இல்லாமல் பெறக் கூடாது. வரிச் சலுகை கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாமல் எழுதிவிடாதீர்கள்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யலாம். அந்த ஆறு பேருக்கும் பொதுவான நன்றியை ஒட்டி அனுப்பாமல், ஒவ்வொருவர் பெயரையும் விளித்து, பையன் இன்று சொன்ன முடிவு என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். அதைத் தங்கள் நண்பர்களுக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள்.