710 என்று அச்சடித்தால் மெரைன் ப்ளை ஆகிவிடுமா?

டிவி சுவரில் அடித்த எம்டிஎஃப் மோல்டிங் (அலங்காரப் பட்டை), மழைக்காலத்தில் அடிப்பக்கம் உப்பிவிட்டது. தேய்த்து பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். (வேளச்சேரி)

போதாது. எம்டிஎஃப் என்பது மரநாரும் பசையும். வெட்டிய ஓரம் தண்ணீர் குடித்து உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வையுங்கள். உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் சுவரில் ஓதம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு கீழ் வரிசைக்காவது பிவிசி மோல்டிங் போடுங்கள். சுவரைப் பார்க்காமல் அடித்தவர்தான் கூலியை ஏற்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

பில்லில் 'டீக் ஃபினிஷ்' என்று இருக்கிறது. வாசக்கதவு தேக்குதானே? (அம்பத்தூர்)

இல்லை. 'ஃபினிஷ்' என்பது மேலே தெரியும் தோற்றம் மட்டும்தான். (ஈட்டி என்று நம்பி வாங்கிய டீப்பாய் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. கீறினால் உள்ளே வெள்ளை.)

12க்கு 10 அறை. சீலிங் ஓரத்துக்கு 8 அடி கார்னிஸ் எத்தனை? (குரோம்பேட்டை)

சுற்றளவு 44 அடி, கணக்குக்கு ஐந்தரை. 7 வாங்குங்கள். நம் கட்டடங்களில் மூலை சரியாக 90 டிகிரி இருப்பது அபூர்வம். 45-இல் வெட்டியது பொருந்தாமல் மறுபடி வெட்டுவார்கள்.

மெரைன் ப்ளை என்று 2.4 லட்சம் வாங்கினார்கள். பத்தே மாதத்தில் சிங்க் அடி கேபினட் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஷீட்டில் '710' என்று அச்சு இருக்கிறதே? (திருவான்மியூர்)

உங்கள் மேல் தப்பில்லை. இந்த ஏமாற்று ஊர் முழுக்க நடக்கிறது. தண்ணீரைத் தாங்கும் ப்ளைவுட்தான் மெரைன் ப்ளை; அதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 710. வெறும் '710' என்பது எவரும் அடிக்கக்கூடிய மூன்று இலக்கம். ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். லேமினேட் ஒட்டியபின் முத்திரை மறைந்துபோகும் என்பதுதான் விற்பவரின் தைரியம். அதனால், ஷீட் வீட்டில் இறங்கும் அன்றே போட்டோ எடுக்க வேண்டும்.

இப்போது, பிரிந்த பலகையில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போடுங்கள். அசல் மெரைன் 72 மணி நேரக் கொதிப்பைத் தாங்க வேண்டியது; சில மணி நேரத்தில் பிரிந்தால் அது சாதா ப்ளை. தாங்கிவிட்டால் மட்டும் அசல் என்று ஆகாது, அதற்கு லேப் சோதனை வேண்டும். மீதித் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் சாட்சி. முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது.

வார்ட்ரோபுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தேன். பில் இல்லை. பாதி வேலையில் ஆள் வரவில்லை. (போரூர்)

பில் வாங்காமல் முழுப் பணம் ஏன் கொடுத்தீர்கள்? ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், வேறு கார்பென்டரைப் பாருங்கள்.