அடைக்கலம் என்பது பெரிய சொல்

கேள்வி: நாஜிகளிடமிருந்து தப்பவைத்து பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட யூதக் குழந்தைகளைப் பற்றிய ‘இன்டு தி ஆர்ம்ஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ (2000) ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஆஸ்கார் வாங்கிய படம். ஆனால் சில விமர்சகர்கள் ‘மிகை உருக்கம்’ என்று குறை சொல்கிறார்கள். சிலர், அடைக்கலம் தந்த பிரிட்டனின் பெருந்தன்மையைப் போற்றுகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இரண்டு கட்சியிலும் இல்லை. உங்கள் கேள்வியில் ‘அடைக்கலம்’ என்றொரு சொல் இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

சிலப்பதிகாரத்தில் அந்தச் சொல்லின் பெயரிலேயே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடையர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். ‘பெண் மட்டும் வரட்டும், கணவன் வெளியே நிற்கட்டும்’ என்று மாதரி சொல்லவில்லை. இருவருக்கும் தனி மனை ஒதுக்கினாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, தன் வீட்டு மாட்டின் பால் என்று கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, தன்னை நம்பி வந்தவர்களைக் காக்க முடியாமல் போனதும், நள்ளிரவில் தீயில் புகுந்தாள். அடைக்கலம் என்றால் தமிழில் இவ்வளவு இருக்கிறது. இந்தச் சொல்லை மலிவாகச் செலவழிக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

பிரிட்டன் செய்தது என்ன? 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் கடைகளும் கோயில்களும் எரிக்கப்பட்டபின், பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் வரலாம் என்றது. பெற்றோருக்கு அனுமதி இல்லை. குழந்தைகள் பின்னால் வேறு நாட்டுக்குப் போகும் செலவுக்கென்று 50 பவுண்ட் பிணை வேறு. டிசம்பர் 2 அன்று ஹாரிச் துறைமுகத்தில் முதல் கூட்டம் இறங்கியது. போர் மூள்வதற்குள் சுமார் 10,000 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். அத்தனை உயிரும் பொன். அதற்காக உழைத்த யூத அமைப்புகளையும், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரையும், வீட்டுக் கதவைத் திறந்த எளிய மனிதர்களையும் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அரசாங்கத்துக்கு அந்த வணக்கத்தில் முழுப் பங்கு கிடையாது. 1940-இல் அதே பிள்ளைகளில், பதினாறு வயதைத் தாண்டிய சுமார் ஆயிரம் பேரை ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்து அடைத்துவைத்த அரசாங்கம் அது.

பத்து வயதில் வியன்னாவிலிருந்து வந்தவர் லோர் சீகல். பிற்காலத்தில் எழுத்தாளரானவர். புறப்படுவதற்கு முன் ஆசைப்பட்டுக் கேட்டதால் அம்மா வாங்கித் தந்த சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்தைத் தின்ன முடியாமல் பையிலேயே வைத்திருந்தார். பிரிட்டனில் இறங்கியதும் குழந்தைகளைத் தங்கவைத்த கடற்கரை முகாமின் குளிரில் அது அழுகி நாறியது. எறியவும் மனமில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அந்தச் சிறுமிதான் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். அதைப் படித்தவர்கள் மனமிரங்கியதால் அவள் பெற்றோருக்கு வீட்டு வேலைக்காரர் விசா கிடைத்தது. நாடாளுமன்றம் கொடுக்க மறுத்ததைப் பத்து வயதுக் கை எழுதி வாங்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படம் பிடித்தால் உருக்கம் எப்படி மிகையாகும்? கண் கலங்குவதைக் கலைக்குறையாகக் கணக்கில் எழுதும் விமர்சகர்களோடு எனக்குப் பழைய சண்டை. இந்தப் படத்தில் பேசுகிற முதியவர்கள் பெரும்பாலும் நிதானமாகத்தான் பேசுகிறார்கள். அழுவது நாம். அந்தக் கண்ணீருக்கு இயக்குநர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

படத்தில் ஒரு பெண்மணி சொல்வதை மட்டும் திரும்பப் பாருங்கள். ரயில் புறப்படுகிறது. ஜன்னல் வழியாக மகளின் கையைப் பிடித்திருந்த தந்தையால் விட முடியவில்லை. ஓடும் ரயிலிலிருந்து அவளை வெளியே இழுத்துவிடுகிறார். அந்தப் பெண் பின்னர் வதைமுகாம்களுக்குப் போய் உயிர் பிழைத்து வந்தவர். அந்த ரயிலில் தந்தைக்கும் ஓர் இருக்கை இருந்திருந்தால் அவர் யாரையும் இழுத்திருக்க வேண்டியதில்லை.