நான் இருக்கிறேனா, இல்லையா?

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் மதிப்பெண் அட்டையில், 'இமாஜினேட்டிவ்' குழந்தை என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். அகராதியில் 'கற்பனை' என்று வருகிறது. அவள் இல்லாததைச் சொல்கிறாள் என்கிறாரா? 'இமாஜினரி' என்பதும் இதுவும் ஒன்றா?
– ஒரு தாய், தென்காசி

பதில்: கவலையை விடுங்கள், அம்மா. அது பாராட்டு. குற்றம் நம் 'கற்பனை' மீதுதான். இரண்டு சொற்களின் சுமையையும் பாவம் அது ஒன்றே தூக்குகிறது.

இந்தக் குழப்பத்தில் நானும் ஒருமுறை விழுந்தவன். 1984-ல் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த புதிது. பள்ளி ஆண்டுவிழா மலரில் தலைமையாசிரியரைப் புகழ்ந்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கற்பனை வளம் மிக்க தலைவர் என்று சொல்ல நினைத்து, 'இமாஜினரி லீடர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிழை திருத்தியவனும் நானே. மலர் அச்சாகி வந்த அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பக்கத்தின் மேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், நான் இருக்கிறேனா, இல்லையா?" என்றார். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

'இமாஜினரி' என்றால் மனத்தில் மட்டும் உள்ளது. வெளியே தேடினால் கிடைக்காது. பூமத்திய ரேகை ஒரு கற்பனைக் கோடு என்று நெட்டுருப் போட்டோமே, அந்தக் கற்பனை. குழந்தைகள் யாரும் இல்லாத நாற்காலியோடு பேசுவார்களே, அங்கே உட்கார்ந்திருக்கும் தோழன் இமாஜினரி. அவனை உண்டாக்கிய குழந்தை இமாஜினேட்டிவ். இந்த ஓர் உதாரணம் போதும்.

கணிதத்திலும் இந்தச் சொல் உண்டு. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் போன்றவற்றுக்கு 1637-ல் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் வைத்த பெயர் அது. பெயர்தான் கற்பனை எண். மாறுதிசை மின்னோட்டக் கணக்குப் போடும் மின்பொறியாளருக்கு அது இல்லாமல் பொழுது விடியாது!

'இமாஜினேட்டிவ்' ஆளுக்கு மட்டுமல்ல, ஆக்கத்துக்கும் பொருந்தும். பழைய சேலையில் திரைச்சீலை தைத்தால் அது இமாஜினேட்டிவ் யோசனை. இதே குடும்பத்தில் 'இமாஜினபிள்' என்று மூன்றாவது ஒருவர் இருக்கிறார்: கற்பனைக்கு எட்டக்கூடிய என்று பொருள். இவர் பல நேரம் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்பார்; 'தி பெஸ்ட் கிஃப்ட் இமாஜினபிள்' என்பதுபோல.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ஆங்கிலேயர் இதே புகழ்ச்சிச் சொல்லைக் கேலிக்கும் எடுப்பார்கள். வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்று சொன்னால், அது இமாஜினேட்டிவ் சாக்கு. அடுத்த அட்டையில் குழந்தையை விட்டுவிட்டு அவள் சொல்லும் காரணங்களை இமாஜினேட்டிவ் என்று ஆசிரியை எழுதியிருந்தால், அப்போது மகளை உட்காரவைத்து விசாரியுங்கள்.