பாஸ் வளர்க்கும் குளத்துக்கு வெள்ளிக்கெண்டை வருமா?

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கென்டக்கி ஏரிக்குச் செல்லும் ஓர் ஓடையின் கரையில் இரண்டு ஏக்கர் பண்ணைக்குளம் வைத்திருக்கிறேன். அதில் பாஸ், ப்ளூகில் மீன்களை வளர்த்து, தூண்டில் போட வருவோரிடம் கட்டணம் பெறுகிறேன். ஏரியில் வெள்ளிக்கெண்டை பெருகியதால் பாஸ் மெலிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது என் குளத்துக்கும் வருமா? தஞ்சாவூரில் என் தந்தை கூட்டுமீன் வளர்ப்பில் இதே மீனை விட்டு நல்ல மகசூல் எடுத்தார். பச்சை நிறமாக இருக்கும் என் குளத்து நீரைத் தெளிய வைக்க அதை விடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக் கூடாது. வெள்ளிக்கெண்டை 2007 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி தீங்கு விளைவிக்கும் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. அனுமதியின்றி அதை உயிருடன் நாட்டுக்குள் இறக்குமதி செய்வதே குற்றம். மேலும், அது நீங்கள் நினைக்கும் வேலையையும் செய்யாது. பாசியைத் தின்னும் விலங்கு மிதவை நுண்ணுயிரிகளையும் (நீரில் மிதக்கும் மிக நுண்ணிய விலங்குகள்) சேர்த்தே அது வடிகட்டித் தின்றுவிடுவதால், செவுளில் சிக்காத மிகச் சிறிய பாசிகள் தடையின்றிப் பெருகி, நீர் பச்சையாகவே இருக்கக்கூடும். வயலிலிருந்து வழியும் உரமும் கால்நடைச் சாணமும் குளத்தில் கலக்கின்றனவா என்று பாருங்கள்; பச்சை நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தந்தையாரின் குளத்தில் நன்மை செய்த மீன் அமெரிக்காவில் பகையானது எப்படி என்ற உங்கள் வியப்பு நியாயமானது. 1959இல் ஜப்பானிலிருந்து கட்டாக்கிற்குக் கொண்டுவரப்பட்ட வெள்ளிக்கெண்டை நம் குளங்களில் தானாக இனப்பெருக்கம் செய்வதில்லை. பொரிப்பகத்தில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறோம். அதன் முட்டைகள் ஓடும் நீரில் மிதந்து சென்றபடியே பொரிய வேண்டும். நீரோட்டம் நின்றால் அடியில் படிந்து பெரும்பாலும் அழிந்துவிடும். தேங்கிய குளம் அதற்கு வளரும் இடமே தவிர, பெருகும் இடம் அன்று. அமெரிக்காவிலும் 1970களின் தொடக்கத்தில், குளத்து நீரைத் தூய்மைப்படுத்தும் எண்ணத்தோடுதான் ஆர்கன்சாவுக்கு வெள்ளிக்கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் கொண்டுவந்தார்கள். குளங்களிலிருந்து தப்பியவற்றுக்கு மிசிசிப்பியும் அதன் துணையாறுகளும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டத்தைக் கொடுத்தன. இந்தியாவிலும் இப்படி ஒரு முறை நடந்திருக்கிறது: 1971இல் வெள்ளத்தோடு பக்ரா அணையின் கோவிந்த்சாகர் நீர்த்தேக்கத்துக்குள் புகுந்த வெள்ளிக்கெண்டை அங்கே நிலைபெற்றுப் பெருகி, கட்லாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

கென்டக்கி ஏரி, 1944இல் முடிக்கப்பட்ட அணையால் டென்னசி ஆற்றில் உருவான, சுமார் 1,60,000 ஏக்கர் பரப்புள்ள நீர்த்தேக்கம். கம்பர்லாந்து ஆற்றின் பார்க்லி ஏரியோடு அதை ஒரு கால்வாய் இணைக்கிறது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் திறக்கும்போதெல்லாம் ஒஹாயோ ஆற்றுப் பக்கமிருந்து கெண்டைகளும் உள்ளே வருகின்றன. 2015இல் இரண்டு ஏரிகளிலும் இளங்குஞ்சுகள் ஏராளமாகக் காணப்பட்டன. ஆனால் ஆண்டுதோறும் அப்படி நிகழவில்லை. ஏரியில் பிறப்பவற்றைவிட வெளியிலிருந்து நுழைபவையே முக்கியம் என்பதால்தான், 2019இல் பார்க்லி மதகின் அருகே ஒலி, ஒளி, காற்றுக் குமிழ் ஆகியவற்றால் ஆன தடுப்பை அமைத்தார்கள். செவுள் வலை போடும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். நுழைவைக் குறைத்து, உள்ளே இருப்பதை வலையால் எடுத்துக்கொண்டே இருந்தால் பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. தூண்டிலால் மட்டும் இதைச் செய்ய முடியாது. வடிகட்டித் தின்னும் மீன், பாஸைப் பிடிக்கத் தூண்டிலில் வைக்கும் இரையைத் தேடிவந்து கவ்வுவதில்லை.

பாஸ் மெலிவதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கெண்டை பாஸைத் தின்பதில்லை; பாஸின் உணவுச் சங்கிலியை அடியிலிருந்து அரிக்கிறது. முட்டையிலிருந்து வந்த பாஸ் குஞ்சு முதல் சில வாரங்கள் விலங்கு மிதவை நுண்ணுயிரிகளையே தின்று வளர்கிறது. வளர்ந்த பாஸின் முக்கிய இரையான ஷாட் மீனும் அவற்றையே நம்பியிருக்கிறது. இல்லினாய் ஆற்றில் கெண்டைகள் பெருகிய பிறகு ஷாட் மீனில் ஒரு வகையான கிசர்ட் ஷாட்டின் உடல்தேற்றம் (நீளத்துக்கு ஏற்ற எடை) சுமார் 7 சதவீதம் குறைந்ததை அளந்திருக்கிறார்கள். மேல் மிசிசிப்பியில் தூண்டிலில் பிடிக்கப்படும் மீன்கள் குறைந்ததற்கும் வெள்ளிக்கெண்டைக்கும் தொடர்பு இருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் நீர்த்தாவரங்கள் அழிவதும், முட்டையிடும் காலத்தில் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் ஓர் ஏரியின் பாஸைக் குறைக்கக்கூடியவை. எல்லாப் பழியையும் கெண்டையின் மேல் போட்டுவிட்டால் மற்றவற்றைச் சரிசெய்ய மறந்துவிடுவோம்.

உங்கள் குளத்தின் நிலையைத் தராசு சொல்லிவிடும். நல்ல தேற்றமுள்ள 30 செ.மீ. நீள பாஸ் சுமார் 380 கிராமும், 38 செ.மீ. நீளமுள்ளது சுமார் 830 கிராமும் எடை இருக்கும். பத்துப் பதினைந்து மீன்களை அளந்து பாருங்கள். எடை மிகக் குறைவாக இருந்து, பிடிபடுபவை எல்லாம் 30 செ.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால், இரைக்கு மிஞ்சிய பாஸ் நெருக்கமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சிறிய பாஸ்களைப் பிடித்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கெண்டை உங்கள் குளத்துக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெள்ளக் காலத்தில் ஓடை நீர் ஏறிக் கரையைத் தாண்டுவது, அல்லது உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாகக் குளத்தோடு இணைவது. மீன் ஏறிவர முடியாதபடி, கலங்கலுக்குக் கீழே நீர் செங்குத்தாக விழும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று உயிர் இரை கொண்டுவரும் வாளி, இதுவே எனக்குப் பெரிய கவலை. அணைக்குக் கீழே வீச்சு வலையில் ஷாட் என்று பிடித்துவரும் குஞ்சுகளில் வெள்ளிக்கெண்டையும் கலந்திருக்கக்கூடும். சந்தேகமான குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் வைத்து, வயிற்றின் விளிம்பில் விரலை வாலிலிருந்து தலைப் பக்கமாக ஓட்டுங்கள். ஷாட்டின் விளிம்பு ரம்பப் பல்போல உறுத்தும். கெண்டையினுடையது வழவழப்பாக இருக்கும். கண்ணையும் பாருங்கள்: கெண்டையின் கண் தலையில் மிகத் தாழ்ந்து, வாய்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டதுபோல இருக்கும். தூண்டில் போட வருவோர் வெளியிலிருந்து உயிர் இரை கொண்டுவரக் கூடாது என்று வாயிலிலேயே எழுதி வையுங்கள்.

தப்பித் தவறி ஒன்றிரண்டு வந்துவிட்டாலும் பதற வேண்டாம். குளத்தில் அவை பெருகப்போவதில்லை. வலையிட்டுப் பிடித்துக் கொன்று, படம் எடுத்து, மாநில மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். உயிருடன் வேறிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பிடித்ததைச் சமைத்தும் உண்ணலாம். சதை வெண்மையாக, வாடையின்றி இருக்கும். சதைக்குள் கிளைத்த முள் மிகுதி என்பதால், இருபுறமும் நெருக்கமாகக் கீறி, மசாலா தடவி, நன்கு காய்ந்த எண்ணெயில் முறுகப் பொரிப்பது நல்லது.